எட்டாம் மாதத்துத் தலையிடி

2010ஆம் ஆண்டு மார்கழி மாதம். இடைத்தங்கல் முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்கள், வன்னியில் ஒரு குளத்தின் கீழ் மீண்டும் முதன்முதலாகக் காலபோகம் செய்திருந்தன. வீடுகள் இன்னும் தறப்பாளும் தகரமுமாகவே இருந்தன. ஆயினும் வயல் பச்சை பிடித்திருந்தது. களை பிடுங்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்ட நேரம் அது.

கூலிக்குக் களை பிடுங்கச் சென்றவர்களுள் எட்டு மாதக் கர்ப்பிணியான ஒரு தாயும் இருந்தார். வயது 38. முன்னர் பிறந்த மூன்று பிள்ளைகளும் சுகப்பிரசவம். இளையவனுக்குப் பதினொரு வயது. ஆகவே நான்காவதைப் பற்றி வீட்டில் எவரும் பெரிதாக யோசிக்கவில்லை. ஒரு நாட்கூலியை இழக்க மனமில்லாமல் கிளினிக்குக்கு இரண்டு தடவை போகாமலும் விட்டிருந்தார்.

முதலில் கால் வீங்கியது. பிறகு ஒரே கிழமைக்குள் கையும் முகமும் வீங்கின. "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கிறது புதுமையே? நானும் ஏழு பெத்தனான். பார்லி அவிச்சுக் குடிச்சா வத்திப்போகும்" என்றார் மாமியார். அவர் மருமகள்மீது அன்பில்லாதவர் அல்லர். அவர் அறிந்த வைத்தியம் அது.

அதன்பின் தலையிடி தொடங்கியது. இரண்டு பனடோல் போட்டும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்குது" என்றார். நெஞ்சுக்குக் கீழே, மேல்வயிற்றில் நோவு இருந்தது. வயிற்றில் பிள்ளையின் துடிப்பும் குறைந்திருந்தது.

கிளினிக்குக்கு வராதவரைத் தேடி அன்று பின்னேரம் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். மோட்டார் சைக்கிள் சேற்றில் போகாது என்பதால் வரம்பு வழியே நடந்தே வந்தார். கையில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். 170க்கு 110. ஒருமுறை ஆறவிட்டு மீண்டும் பார்த்தார். அதே கணக்கு.

"அக்கா, இண்டைக்கு இரவு நீங்கள் இஞ்சை படுக்கக் கூடாது" என்றார்.

கணவர் பசளை வாங்க நகருக்குப் போயிருந்தார். "அவன் வரட்டும் பிள்ளை. ஆம்பிளை இல்லாத நேரம் நான் என்னெண்டு அனுப்புறது?" என்று மாமியார் தயங்கினார். இவ்வாறு இரண்டு மணித்தியாலம் போயிற்று. பொறுத்துப் பார்த்த அந்தப் பெண், பொதுநோக்கு மண்டபத்தில் நடந்துகொண்டிருந்த கமக்கார அமைப்பின் கூட்டத்துக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். உழவு இயந்திரம் இருந்தது. அதற்கு டீசல் இல்லை. உழவுக்கென ஒருவர் சேமித்து வைத்திருந்த கானைக் கொண்டுவந்து ஊற்றினார். பெட்டியில் வைக்கோல் பரப்பி, பாயை விரித்து, தாயை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தோம்.

பாலத்தின் மேலாக வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு இளைஞர்கள் தடியூன்றி முன்னால் நடந்து வழி காட்டினார்கள். பாலத்தைக் கடந்து சற்று நேரத்தில் அந்தத் தாய்க்கு வலிப்பு வந்தது. ஒருவர் கையில் இரும்பைக் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் பல்லுக்கிடையில் கரண்டி வைக்கத் தேடினார். குடும்பநல உத்தியோகத்தர் இரண்டையும் தடுத்தார். விழாமலும் அடிபடாமலும் பார்த்துக்கொண்டு, வலிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் சரித்து, வாயிலிருந்து வடிந்ததைத் துடைத்துவிட்டார்.

முதலில் சேர்ந்த சிறிய வைத்தியசாலையில் ஊசி ஏற்றி, சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு அம்புலன்சில் அனுப்பினார்கள். அழுத்தம் கட்டுப்பட்ட பின்னர், மறுநாள் காலை சிசேரியன் மூலம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிறை 1,600 கிராம். தாயும் பிழைத்தார்.

இந்த நோய் என்ன?

கர்ப்பத்தின் இருபதாம் கிழமைக்குப் பின் இரத்த அழுத்தம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் வெளியேறுமாயின் அதனை முன்வலிப்பு நோய் என்பர். சிறுநீரகம், ஈரல், மூளை ஆகியவற்றை அது தாக்கும். கருப்பைக்குள் குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறையும். குழந்தை வளர்ச்சி குன்றும். நோய் முற்றினால் வலிப்பு வரும். முதற் கர்ப்பிணிகள், வயது கூடியவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், ஏற்கெனவே பிறஷரோ நீரிழிவோ உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். முந்திய பிரசவங்கள் சுகமாக நடந்தன என்பது இந்தப் பிரசவத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

கால் வீக்கம் மட்டும் பல கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். முகமும் கையும் திடீரென வீங்குவது வேறு. அழுத்தத்தை அளந்து பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. தொடக்கத்தில் தாய்க்கு எந்த வருத்தமும் தெரியாமலே அழுத்தம் ஏறியிருக்கலாம். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்படுவது இதற்காகவே.

வலிப்பைத் தடுக்கும் மருந்து மக்னீசியம் சல்பேட். விலை குறைந்த பழைய மருந்து இது. 33 நாடுகளில் பத்தாயிரம் தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வொன்று, இது வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது எனக் காட்டியது. ஆயினும் நோய் தீரத் தொடங்குவது குழந்தை பிறந்த பின்னரே. பிரசவத்தின் பின்னரும், சிறப்பாக முதல் இரண்டு நாட்களில், வலிப்பு வரக்கூடும். எனவே வீடு திரும்பிய பின்பும் தலையிடி, பார்வை மங்கல் ஏற்பட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மூன்று தாமதங்கள்

தாய்மாரின் மரணத்துக்கு மூன்று தாமதங்கள் காரணமாகின்றன என்று சரீன் தடேயஸ், டெபோரா மெயின் என்னும் ஆய்வாளர்கள் 1994இல் எடுத்துக் காட்டினார்கள். போவதா இல்லையா என்று தீர்மானிப்பதில் ஏற்படும் தாமதம். போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதம். சேர்ந்த இடத்தில் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம். அன்றிரவு முதலிரண்டையும் நாம் கண்ணால் கண்டோம். பாலத்து வெள்ளம் எம்மைத் தாமதப்படுத்தியது கொஞ்ச நேரமே. "அவன் வரட்டும்" என்ற சொல்லே கூடுதலான நேரத்தை எடுத்தது.

எமது நாட்டில் 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தனர். இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்துள்ளது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பும் இதற்குப் பெருங் காரணம். ஆனால் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெயர் ஒரு இடத்துப் பதிவில் இருக்கும். ஆள் இன்னொரு இடத்தில் இருப்பார். ஆகவே எங்கே போனாலும் போன கிழமையிலேயே அந்த இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். உறுதிப் பத்திரத்தைப் போலக் கர்ப்பகால அட்டையையும் பொலித்தீனில் சுற்றிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

குறைமாதக் குழந்தை

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியூபேட்டர்கள் போதாத வைத்தியசாலை ஒன்றில், எட்கார் ரே என்னும் வைத்தியர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என இன்று உலகெங்கும் கையாளப்படுவது இதுவே. தாயின் சூட்டில் குழந்தையின் உடல் குளிராது; பால் குடிப்பது எளிதாகும்; கிருமித்தொற்றும் குறையும்.

இந்தக் குழந்தையும் அப்படியே வளர்ந்தது. வீட்டுக்கு வந்த பின் தாய் களைத்த நேரங்களில் தகப்பனும் மார்பில் போட்டுக்கொண்டார். முதலில் அவருக்கு வெட்கம். ஒருநாள் நான் போனபோது, சாரத்துடன், காலில் காய்ந்த வயற்சேறு இருக்க, குந்தில் அமர்ந்து குழந்தையை நெஞ்சோடு வைத்திருந்தார். "மூச்சு விடுறது கேக்குது பாதர்" என்றார்.

ஏழாம் மாதத்திலேயே தீர்மானியுங்கள்

1. ஆபத்து வந்தால் எந்த வைத்தியசாலை? அங்கே சிசேரியன் வசதி உண்டா?

2. யாருடைய வாகனம்? அவர் இல்லாவிடில் வேறு யார்? 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை வீட்டில் எல்லாரும் தெரிந்திருங்கள். வடக்கில் இச்சேவை 2018 முதல் உண்டு. வாகனம் வரமுடியாத பாதையாயின் எந்தச் சந்திவரை கொண்டுபோவது என்பதையும் பேசி வையுங்கள்.

3. கணவர் இல்லாத வேளையில் தீர்மானிப்பவர் யார்? கணவரை இழந்த அல்லது பிரிந்திருக்கும் தாய்க்கு அயலில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தாய் தானே தீர்மானித்துப் புறப்படவும் உரிமையுள்ளவர்.

4. கூட நிற்பது யார்? மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

இரத்தப்போக்கு, பன்னீர்க்குடம் உடைதல், துடிப்புக் குறைதல், விடாத தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று நோ, முகவீக்கம், காய்ச்சல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

போகம் தொடங்குமுன் கூட்டம் கூடி, தண்ணீர் எப்போது திறப்பது, எந்த நெல் விதைப்பது என்று தீர்மானிப்பது எமது வழக்கம். வெள்ளம் வந்தபின் வரம்பு கட்டுவோர் இல்லை. அந்தக் கிராமத்தார் அடுத்த போகக் கூட்டத்தில் இன்னொரு விடயத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் போகத்தில் பிள்ளைப்பேறு யார் யாருக்கு? அந்தக் கிழமைகளில் எவருடைய உழவு இயந்திரம் டீசலுடன் நிற்கும்? அதனை முதலில் எழுந்து கேட்டவர் அந்த மாமியார்.