தூய காற்றுக்கான நிதிப் பகிர்வு: கலிபோர்னியா கற்ற பாடம்

ஏரி நிரம்பிவிட்டது என்பதனால் மட்டும் எல்லா வயல்களும் விளைந்துவிடுவதில்லை. மதகைத் திறக்கும் முறையும், வாய்க்காலின் போக்கும், முறைவைத்துப் பாய்ச்சுவோரின் நேர்மையும் சேர்ந்தே கடைமடை வயலின் விளைச்சலை முடிவு செய்கின்றன. அரசு ஒதுக்கும் நிதியும் அத்தகையதே. தலைநகரில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்பதைச் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. அத்தொகை எந்த அளவுகோலால் பங்கிடப்பட்டது, யாருடைய வாசல்வரை சென்றது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. காற்றுமாசைக் குறைக்கும் நிதியில் இக்கேள்வி உயிர்ப்பிரச்சினையாகிறது. இதனை, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்து அனுபவத்தைக் கொண்டு நாம் இங்கே ஆராய்வோம்.

காற்று மாவட்டங்கள் தோன்றிய கதை

1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. நகருக்குள் இருந்த செயற்கை ரப்பர் மூலப்பொருள் ஆலையொன்றே காரணம் என ஐயுற்று அதன் பணியை நிறுத்தினர். ஆயினும் புகைமூட்டம் நீங்கவில்லை. 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திற்கெனக் காற்றுமாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் அறிஞர். டச்சு நாட்டில் பிறந்து, அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆய்ந்துகொண்டிருந்த அவர், 1950களின் தொடக்கத்தில் ஓர் உண்மையை மெய்ப்பித்தார். மோட்டார் வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலிய நச்சுப்பொருள்களை உண்டாக்குகின்றன என்பதே அவ்வுண்மை.

1967இல் மாநிலம் முழுமைக்குமான காற்றுவள வாரியம் அமைக்கப்பட்டபோது ஹாகன்-ஸ்மித்தே அதன் முதல் தலைவரானார். இன்று அவ்வாரியத்தோடு இணைந்து 35 காற்று மாவட்டங்கள் இயங்குகின்றன. மாவட்டம் என்றதும் நம் ஊர் வருவாய் மாவட்டத்தை எண்ணிவிடலாகாது. காற்றைக் கண்காணிப்பதும் ஆலைகளின் புகையைக் கட்டுப்படுத்துவதுமே இவற்றின் பணி. சில மாவட்டங்கள் மலைநாட்டில் சில ஆயிரம் மக்களையே கொண்டவை. லாஸ் ஏஞ்சல்ஸை உள்ளடக்கிய தென்கடற்கரை மாவட்டமோ ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டது. மூன்று புறமும் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற சான் வாக்கின் பள்ளத்தாக்கு மற்றொன்று. அங்கே எழும் புகை எளிதில் வெளியேறுவதில்லை. ஆலைகள் மாவட்டங்களின் பொறுப்பு. வாகனங்களுக்கு விதி வகுப்பது மாநில வாரியத்தின் பொறுப்பு. இப்பிரிவினையை மனத்திற் கொண்டால்தான் நிதிப் பகிர்வின் தேவை விளங்கும்.

பழைய எஞ்சின் என்னும் சிக்கல்

புதிதாக வரும் எஞ்சின்களுக்குக் கடுமையான விதி வகுப்பது எளிது. ஆனால் டீசல் எஞ்சின் நீண்ட ஆயுள் உடையது. பழுது பார்த்துப் பழுது பார்த்து இருபது, முப்பது ஆண்டுகள் அதனை ஓட்டலாம். புதிய விதி வந்த பின்னரும் பழைய லாரியும், இழுவை இயந்திரமும், நீர் இறைக்கும் எஞ்சினும், மீன்பிடிப் படகும் பழைய புகையையே கக்கிக்கொண்டிருக்கும். அவற்றின் உரிமையாளர் பலர் சிறு முதலாளிகள். மாற்றும் விருப்பம் இருப்பினும் அதற்கான பணம் இராது. டீசல் எஞ்சின் வெளியிடும் கரித்துகளை நச்சுக் காற்றுமாசு என வாரியம் 1998இல் முறைப்படி அறிவித்தது.

அதே ஆண்டில்தான் கார்ல் மோயர் நினைவுத் திட்டம் தொடங்கியது. காற்றுத் தூய்மைத் துறையில் உழைத்து, இத்தகைய ஊக்கநிதித் திட்டம் உருவாகப் பாடுபட்டு மறைந்த அறிஞரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. முதலாண்டு ஒதுக்கீடு 2 கோடியே 50 இலட்சம் டாலர். பழைய எஞ்சினை அகற்றித் தூய எஞ்சினை வாங்குவோர்க்கு, செலவின் ஒரு பகுதியை மானியமாக வழங்குவதே திட்டத்தின் சாரம். பணம் மாநிலத்தினுடையது, விண்ணப்பங்களைப் பெற்று, ஆய்ந்து, ஒப்பந்தம் செய்பவை மாவட்டங்கள். எந்த ஊரில் எந்த எஞ்சின் புகைகின்றது என்பதை அருகிருப்போரே அறிவர் என்பது இவ்வேற்பாட்டின் அடிப்படை.

தொடக்கத்தில் இந்நிதி ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை நம்பியே இருந்தது. 2004இல் இயற்றப்பட்ட சட்டங்கள் அதற்கு நிலையான ஊற்றுகளை அமைத்தன. புதிய கார்களுக்குச் சில ஆண்டுகள் புகைச்சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அதற்கு ஈடாகச் செலுத்தும் கட்டணத்திலிருந்து ஒரு பகுதியும், டயர் விற்பனைக் கட்டணத்திலிருந்து ஒரு பகுதியும் இதற்கென ஒதுக்கப்பட்டன. வாகனப் பதிவில் மேலும் 2 டாலர் பெற்றுக்கொள்ள மாவட்டங்களுக்கும் அதிகாரம் தரப்பட்டது. புகைவிடுவோரிடமிருந்தே பெறும் பணம் புகையைக் குறைக்கப் பயன்படுதல் நியாயமே.

பங்கிடும் கணக்கு

மாநிலத்திலிருந்து மாவட்டங்களுக்குப் பங்கிடும்போது மக்கள்தொகை, காற்றுக்கேட்டின் கடுமை, முன்னர்ப் பெற்ற பங்கு ஆகியன கருதப்படுகின்றன. மக்கள்தொகையை மட்டும் கொண்டால் பெருநகர் அனைத்தையும் விழுங்கிவிடும். எல்லோர்க்கும் சமமாகக் கொடுத்தால், புகையே இல்லாத மலைநாட்டில் பணம் தேங்கும். எனவே அளவுகோல்களைக் கலந்து, சிறிய மாவட்டங்களும் விடுபடாவண்ணம் 2 இலட்சம் டாலர் என்னும் குறைந்தபட்ச ஒதுக்கீட்டையும் வைத்தனர். பெறும் தொகையில் 15 விழுக்காட்டிற்கு ஈடான நிதியை மாவட்டமும் தன் பங்காகச் சேர்க்க வேண்டும். தன் கைப்பொருளும் கலந்திருந்தால்தான் செலவில் கவனம் இருக்கும் என்பது இதன் உட்பொருள். அலுவலகச் செலவுக்கும் வரம்பு உண்டு. பத்து இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் மாவட்டம் 6.25 விழுக்காடும், சிறிய மாவட்டம் 12.5 விழுக்காடும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டே ஊழியர்கள் உள்ள அலுவலகத்திற்கும் இருநூறு பேர் உள்ள அலுவலகத்திற்கும் ஒரே விழுக்காடு பொருந்தாது அல்லவா?

மாவட்டத்திலிருந்து விண்ணப்பதாரருக்குச் செல்லும்போது மற்றொரு கணக்கு வருகிறது. ஒரு டன் மாசைக் குறைக்க எத்தனை டாலர் செலவாகிறது என்பதே அது. இக்கணக்கில் நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பன் ஆவியும் டன்னுக்கு டன் கூட்டப்படும்; நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லும் கரித்துகள் இருபது மடங்காகக் கணக்கிடப்படும். ஓர் எஞ்சினை மாற்றுவதால் ஆண்டுக்கு அரை டன் நைட்ரஜன் ஆக்சைடும், டன்னில் இருபதில் ஒரு பங்கு கரித்துகளும் குறையும் எனக் கொள்வோம். கரித்துகளை இருபதால் பெருக்க ஒரு டன்னாகிறது. ஆக, ஒன்றரை டன் குறைந்ததாகக் கணக்கு எழுதப்படும். மானியத்தை ஆண்டுக் கணக்காக்கி இத்தொகையால் வகுத்தால் வருவதே டன்னுக்கான விலை. அது வரம்பை மீறினால் மானியம் கிடையாது.

உடைத்தல் என்னும் நிபந்தனை

இத்திட்டத்தில் நம்மைக் கவரும் விதிகள் இரண்டு. சட்டம் ஏற்கெனவே கட்டாயப்படுத்தியுள்ள மாற்றத்திற்கு மானியம் வழங்கலாகாது என்பது முதல் விதி. தானே செய்தாக வேண்டிய கடமைக்குப் பொதுப்பணத்தில் கூலி கேட்பது முறையன்று. 2008இல் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் வாரியம் விதி வகுத்தபோது, மானியம் பெறத்தக்க வாகனங்களின் வட்டம் சுருங்கியதற்கு இதுவே காரணம்.

பழைய எஞ்சினை உடைத்தே தீர வேண்டும் என்பது இரண்டாவது விதி. எஞ்சினின் உடற்பகுதியில் குறைந்தது மூன்று அங்குல அகலமுள்ள துளையிட்டு, இனி ஒருபோதும் இயங்காதபடி செய்ய வேண்டும். லாரியாயின் அதன் அடிச்சட்டத்தையும் அறுக்க வேண்டும். இரக்கமற்ற விதியாக இது தோன்றலாம். ஆயின் உடைக்காமல் விட்டால், அந்த எஞ்சின் மலிவு விலைக்கு மற்றோர் ஊருக்குச் செல்லும். அங்கே மற்றொரு குழந்தை அதே புகையைச் சுவாசிக்கும். ஊர் மாறிய புகையைக் குறைந்த புகை எனக் கணக்கெழுத முடியாது.

டன் கணக்கும் தெருக் கணக்கும்

இத்துணை நேர்மையான கணக்கிலும் ஒரு குறை மறைந்திருந்தது. ஒரு விண்ணப்பம் ஊருக்கு வெகுதொலைவில், பரந்த வயல்வெளியில் ஆண்டு முழுதும் இரவும் பகலும் ஓடும் நீரிறைக்கும் எஞ்சினைப் பற்றியது எனக் கொள்வோம். மற்றொன்று துறைமுகத்தருகே, பள்ளிக்கூடத்தை ஒட்டிய குறுகலான சாலையில் நாள்தோறும் சிறிது தூரமே செல்லும் பழைய லாரியைப் பற்றியது. அதிக நேரம் ஓடும் எஞ்சினில் அதிக டன் குறையும். ஆகவே டன்னுக்கான விலையும் அங்கே குறைவு. கணக்கு முதல் விண்ணப்பத்தையே தேர்ந்தெடுக்கும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் புகையை நேரே சுவாசிக்கும் பிள்ளைகள் இரண்டாவது சாலையில் அல்லவா இருக்கின்றனர்?

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பர். துறைமுகங்களும் நெடுஞ்சாலைகளும் எண்ணெய் ஆலைகளும் செல்வர் வாழும் பகுதிகளில் அமைவது அரிது. வில்மிங்டனிலும் மேற்கு ஓக்லாந்திலும் அவற்றின் அருகே வாழ்வோரில் ஏழைகளும் சிறுபான்மை இனத்தவரும் மிகுதி. விண்ணப்பம் எழுதவும், தமக்குரிய பங்கைச் செலுத்தவும், எழுத்தர் வைத்துக் கணக்குக் காட்டவும் வல்ல பெரிய நிறுவனங்களுக்கே மானியமும் எளிதில் கிட்டுகிறது. இதனை உணர்ந்து 2001இல் ஒரு சட்டம் வந்தது. பத்து இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழும் மாவட்டங்கள், இத்தகைய நிதியில் பாதிக்குக் குறையாத பகுதியை, மாசுக்கு மிகுதியாக ஆளாகும் பகுதிகளுக்குப் பயன்படும் வகையில் செலவிட வேண்டும் என்றது அச்சட்டம். எவ்வளவு புகை குறைந்தது என்னும் கேள்வியோடு, யாருடைய மூச்சிலிருந்து குறைந்தது என்னும் கேள்வியும் அன்று சேர்ந்தது.

2017க்குப் பின்

2017இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் மேலும் ஒரு படி சென்றது. மாவட்டம் முழுமைக்குமான சராசரியை விடுத்து, ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியின் காற்றையும் தனியே அளந்து, அங்கு வாழும் மக்களையும் குழுவில் அமர்த்தித் திட்டம் தீட்டுமாறு அது பணித்தது. அவ்வாண்டு ஒதுக்கப்பட்ட 25 கோடி டாலரில் தென்கடற்கரை மாவட்டம் 10 கோடியே 75 இலட்சமும், சான் வாக்கின் பள்ளத்தாக்கு 8 கோடியும், சான் பிரான்சிஸ்கோ விரிகுடா மாவட்டம் 5 கோடியும் பெற்றன. எஞ்சிய 1 கோடியே 25 இலட்சம் ஏனைய மாவட்டங்களுக்கு உரியதாயிற்று. 2018இல் முதற்கட்டமாகப் பத்துப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மேற்கு ஓக்லாந்தில் குடியிருப்போரின் அமைப்பே மாவட்டத்தோடு சமமாக அமர்ந்து 2019இல் திட்டத்தை வகுத்தது.

ஆயினும் எல்லாம் இனிதே முடிந்தது எனக் கூறிவிட இயலாது. ஷாப்டர் என்னும் வேளாண் சிற்றூரின் மக்கள், வயல்களில் பூச்சிமருந்து தெளிக்கும் முன் தங்களுக்கு அறிவிக்குமாறு கேட்டனர். பூச்சிமருந்தோ காற்று மாவட்டத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. பணம் இருந்தது, மக்களின் கோரிக்கையும் தெளிவாக இருந்தது, ஆணையிடும் உரிமையோ வேறோர் அலுவலகத்தில் இருந்தது. மாநிலம் தழுவிய முன்னறிவிப்பு முறை 2025இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாசுபடுத்துவோரைத் தண்டிக்காமல் அவர்களுக்கே மானியம் கொடுப்பதா என்னும் எதிர்ப்பும் இருந்து வருகிறது. சட்டம் செய்ய வேண்டிய வேலையை நிதியால் செய்துவிட முடியாது என்பதே இதற்கு நாம் தரத்தக்க விடை. சட்டம் எட்டாத இடத்தில் மட்டுமே மானியம் துணைநிற்க வேண்டும்.

நாம் உணர வேண்டுவது

நிதியைப் பகிரும் அளவுகோல் எழுத்தர்கள் தீர்க்கும் சிறு கணக்கு எனக் கருதுதல் தவறு. எதை அளக்கிறோமோ அதற்கே பணம் செல்கிறது. டன்னை அளந்தால் டன் குறைகிறது; தெருவை அளந்தால் தெருவில் வாழும் குழந்தையின் இருமல் குறைகிறது. இரண்டையும் அளக்க வேண்டும் என்பதை உணரக் கலிபோர்னியாவிற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. எனவே ஓர் அரசு தூய காற்றுக்கென இத்தனை கோடி ஒதுக்கியது என்னும் செய்தியைப் படிக்கும்போது, நாம் அத்தோடு நின்றுவிடலாகாது. எந்த அளவுகோலால் பங்கிட்டனர், பழைய எஞ்சினை உடைத்தனரா, மிகுதியான புகையைச் சுவாசிக்கும் தெருவின் மக்களைக் கேட்டனரா என்னும் மூன்று கேள்விகளையும் எழுப்ப வேண்டும். மதகு திறந்த செய்தியோடு மனநிறைவு கொள்ளாமல், கடைமடைவரை நடந்து சென்று பார்ப்பவனே நீரின் கணக்கை அறிந்தவனாவான். காற்றின் கணக்கிற்கும் அதுவே பொருந்தும்.