தொங்குபாலமும் போஸ்டரும்

பல்லேகலயிலிருந்து திகனவைத் தாண்டிப் போனால் விக்டோரியா அணை வரும். 1983 ஏப்ரலில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தன் இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படப்பிடிப்பைக் கண்டியில் தொடங்கியபோது அந்த அணை இன்னும் கட்டி முடியவில்லை. அணை வேலையில் இருந்த பொறியியலாளர்களின் உதவியோடு பள்ளத்தாக்கின் மேல் ஒரு தொங்குபாலம் அமைத்து, ஒரே தடவையில் அறுத்து விழுத்திப் படமாக்கினார்கள். ஹந்தானைத் தேயிலை மலையில் கிராமம் ஒன்றும் எழுந்தது.

அடுத்த ஆண்டு வெளியான அந்தப் படத்தின் போஸ்டர்களில் ஒன்றை வரைந்தவர் ட்ரூ ஸ்ட்ரூசன். ஒளிப்படங்களை முன்னால் வைத்துப் பென்சிலால் கோடிட்டு, அதன்மேல் அக்ரிலிக் தெளித்து, வண்ணப் பென்சிலால் முடிப்பது அவர் வழக்கமாக இருந்தது. 1982இல் ‘தி திங்’ படத்துக்குக் கையில் ஒரு ஸ்டில்லும் இல்லாமல், தன்னையே மாதிரியாக நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு, ஒரே இரவில் வரைந்து முடித்தார். மறுநாள் காலை கொடுத்தபோது சாயம் காயவில்லை.

எல்லோரும் அப்படி அவசரத்தில் வரையவில்லை. 1975இன் ‘ஜாஸ்’ படப் போஸ்டரில் உள்ள சுறாவை வரைந்த ரோஜர் காஸ்டெல், நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கே போனார். அங்கே காட்சிக்கு இருந்த சுறாக்களைத் துப்புரவுக்காக இறக்கி வைத்திருந்த நேரம் அது. அவற்றை அருகில் நின்று படமெடுத்துக்கொண்டார். நீந்தும் பெண்ணுக்கு ஒரு மாடலை ஸ்டூலில் படுக்க வைத்தார். ஆய்வு என்பது அன்று வீட்டை விட்டு வெளியே போவதாக இருந்தது.

இன்று பல்லேகலயில் ஒரு இளைஞர் தன் நண்பர்களின் த்ரில்லர் குறும்படத்துக்கு போஸ்டர் செய்ய உட்கார்ந்தால், பின்டரெஸ்டில் அரை மணி நேரத்தில் நூறு மாதிரிகள் சேர்ந்துவிடும். கதையைக் கேட்டுக்கொண்டே நிறத்தைத் தீர்மானிக்கலாம், எழுத்துருவை மாற்றலாம், பிடிக்காததை ஒரு சொடுக்கில் அழிக்கலாம். அன்று அச்சில் ஏறிய நிறம் பிழைத்தால் தாளும் மையும் நட்டம். இன்று பிழை விட ஒரு சதமும் செலவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன வரவு அல்ல. முன்பென்றால் கொழும்புக்கோ சென்னைக்கோ போகாமல் இந்தத் தொழிலை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

அளவும் மாறியது. அமெரிக்கத் தியேட்டர் போஸ்டர் அன்று 27க்கு 41 அங்குலம். இன்று முதலில் பார்க்கப்படுவது உள்ளங்கைக்குள் அடங்கும் திரையில். அதனால் சின்ன விவரங்கள் போய்விட்டன. மிஞ்சுவது பாதி முகம், பனிக்காட்டில் முதுகு காட்டி நிற்கும் ஒரு ஆள், நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து. எல்லோரும் அதே நூறு மாதிரிகளைத்தான் பார்க்கிறார்கள் என்பதால், கதை கண்டியில் நடக்கிறதா கனடாவில் நடக்கிறதா என்று போஸ்டரைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. கையால் வரையும் திறமை போனதைக்கூட நான் இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, மாதிரிகளைத் தேடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு மாலை கமராவோடு விக்டோரியா அணைப் பக்கம் போய்வாருங்கள். ஹொலிவுட் தேடி வந்த இடம் உங்களுக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது.