மூன்று கிரையானும் ஓர் ஐஸ்கட்டியும்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரிசைக்கு மூன்று கட்டம். கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை கிரையான். ஒட்டியிருக்கும் கட்டங்களில் ஒரே நிறம் வரக்கூடாது; பக்கத்திலும் கூடாது, மேல் கீழிலும் கூடாது. எத்தனை விதமாகத் தீட்டலாம்?

முதல் வரிசைக்கு 12 வழி. ஓரம் இரண்டும் ஒரே நிறமாக வருவது 6, மூன்றும் வேறு வேறாக வருவது 6. இந்தப் பிரிவினைதான் சூட்சுமம். முதல் வகைக்குக் கீழே அதே வகை 3, அடுத்த வகை 2 பொருந்தும். இரண்டாம் வகைக்குக் கீழே இரண்டிலும் இரண்டிரண்டு. கடைசி வரிசையை மட்டும் பார்த்தால் போதும். 12, 54, 246, 1122 என்று எண்ணிக்கை தானாக வந்துகொண்டேயிருக்கும். அகலம் கூடினால்தான் வரிசையின் வகைகள் பெருகி வேலை கடினமாகிறது. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கு ஏறக்குறைய 40 லட்சம் கோடி வழிகள்!

என்னை மிகவும் மயக்குவது வேறொரு விஷயம். சிவப்புக்கு அடுத்து மஞ்சள், அடுத்து பச்சை, மறுபடி சிவப்பு என்று ஒரு சுற்று வைத்துக்கொள்வோம். நான்கு கட்டங்கள் கூடும் ஒரு முனையில் பென்சிலை வைத்து, அந்த நான்கையும் வலம் வாருங்கள். ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் நிறம் ஒரு படி முன்னே போகும், அல்லது ஒரு படி பின்னே வரும். நாலாவது தாண்டலில் புறப்பட்ட நிறத்துக்கே திரும்பியாக வேண்டும். அதற்கு ஒரே வழி, இரண்டு முன்னே, இரண்டு பின்னே. முன்னே போன கோட்டில் முனையிலிருந்து வெளியே ஓர் அம்புக்குறி, பின்னே வந்த கோட்டில் உள்ளே ஓர் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். எந்த முனையிலும் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே.

ஐஸ்கட்டிக்குள் இருப்பதும் இதே விதிதான். ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவைச் சுற்றியும் நான்கு ஹைட்ரஜன். இரண்டு நெருங்கியும் இரண்டு தள்ளியும் இருக்கும். எத்தனை விதமாக அவை அமையலாம் என்று 1935-இல் லைனஸ் பாலிங் மதிப்பிட்டார்: மூலக்கூறு ஒன்றுக்கு 1.5 மடங்கு. தட்டையான சதுர ஐஸுக்குத் துல்லியமான விடையை 1967-இல் கண்டவர் எலியட் லீப். ஒவ்வொரு முனைக்கும் 1.5396 மடங்கு. மூன்று நிறக் கணக்கும் இதுவும் ஒன்றே என்று கவனித்தவர் ஆண்ட்ரூ லெனார்ட். பாலிங்கின் உத்தேசம் எவ்வளவு அருகில் வந்திருக்கிறது பாருங்கள்!

நாலாவது கிரையானை எடுத்தால் நிறங்களின் இடைவெளி ஒரு படியோடு நிற்பதில்லை, அம்புக்குறி உதவாது. கட்டத்துக்கு எத்தனை மடங்கு என்பதற்கு இன்றுவரை துல்லியமான சூத்திரம் கிடைக்கவில்லை.