ஏழைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு?



எலவனாசூர்கோட்டையில் பேருந்தேறி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குப் பிழைக்கப் போகும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெற்றோருக்கு எப்படியோ கட்டட வேலை கிடைத்துவிடுகிறது. கூடப் போன பிள்ளைகளோ பள்ளிக்கும் போகாமல், வீடென்று சொல்ல ஓரிடமும் இல்லாமல் தெருவில் நிற்கிறார்கள். இவர்களுக்குச் சோறு வேண்டும், மருந்து வேண்டும், சரி. பந்து எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

வடசென்னை வியாசர்பாடியில் 1997ஆம் ஆண்டு, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக அப்பகுதிக் கால்பந்து ஆட்டக்காரர்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். முல்லை நகர் மைதானத்தில் பயிற்சி. அதோடு மாலை நேரப் பாட வகுப்பும் உண்டு. வெறும் பாட வகுப்பு என்றால் ஓடிவிடும் பையன் பந்துக்காக வருவான். தினமும் வருகிற பையன் இரண்டு நாள் வராவிட்டால் பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும். காய்ச்சலா, வேலைக்கு அனுப்பிவிட்டார்களா, வீட்டில் குடித்துவிட்டு அடியா என்று போய் விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறார். பந்து செய்யும் பெரிய வேலை இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். எல்லாரும் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிடப் போவதில்லை.

கென்யா நாட்டு நைரோபியில், மத்தாரே சேரியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் இன்னொரு வழி கண்டது. தெருக் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்த அணிக்கு லீக் போட்டியில் கூடுதல் புள்ளி! நம் ஊரிலும் செய்து பார்க்கலாம்.

1995 முதல் தெருவோரப் பிள்ளைகளிடையே சென்னையில் தொண்டு செய்துவரும் கருணாலயாவின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 மே மாதம், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறுவர் உலகக் கோப்பை கிரிக்கெட்டின் இறுதிப் போட்டி நடந்தது. அதில் ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து ஆடிய தென்னிந்திய அணி, இங்கிலாந்தை வென்றது. அந்த அணியில் இவர்களும் இருந்தார்கள். அடுத்த போட்டி 2023இல் சென்னையிலேயே நடந்தது.

கோப்பையைவிட எங்கள் மனதில் நிற்பது பாஸ்போர்ட். வெளிநாடு போக அது வேண்டும். அதற்குப் பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் அத்தாட்சி வேண்டும். நடைபாதையில் பிறந்து வளர்ந்த பிள்ளை எதைக் காட்டும்? ஆகவே, விளையாடக் கிளம்பும் பிள்ளைக்கு முதலில் அரசாங்கத் தாளில் ஒரு பெயர் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தாள் ஊர் திரும்பிய பிறகும் பள்ளிக்கூடத்துக்கு, வங்கிக்கு, ரேஷன் அட்டைக்கு உதவும்.

பிரசவமாகி 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமே இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டாலோ கோட்டாட்சியர் அளவிலான அதிகாரியின் உத்தரவு வரை அலைய வேண்டும். கூலி வேலைக்காரர் அத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு எப்படி அலைவார்? உங்கள் ஊரிலிருந்து பிழைக்கப் போகிறவர்களிடம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மறக்காமல் பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.