பாதம் சாய்ந்தால் முதுகு வலிக்குமா?

வீட்டில் மேசையின் ஒரு கால் தரையில் படியாமல் ஆடினால் நாம் என்ன செய்கிறோம்? காகிதத்தை நான்காக மடித்து அதன் அடியில் செருகுகிறோம். மேசை நேராக நிற்கிறது. நமது உடலும் இவ்வாறுதானா? பாதத்தின் கீழ் ஒரு சிறு தாங்கல் வைத்தால், நெடுநாளாக வாட்டும் முதுகுவலி நீங்கிவிடுமா?

அமெரிக்காவில் கைரோபிராக்டிக் என்னும் சிகிச்சையைச் செய்வோரில் பலர், "ஆம்" என்கின்றனர். கடைக்காரர்கள் 'இன்சோல்' என்று கூறும் இத்தகைய காலணித் தாங்கல்கள் இன்று நம் ஊர்களிலும் விற்பனையாகின்றன. முதுகுவலியை அறியாத குடும்பம் அரிது. ஆகவே, இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது நலம்.

கையால் செய்யும் சிகிச்சை

1895-ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் இம்முறையைத் தொடங்கினார். 'கையால் செய்வது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்குப் பெயர் அமைத்துத் தந்தவர் சாமுவேல் வீட் என்னும் போதகர். ஏறத்தாழ எல்லா நோய்களுக்கும் எலும்புப் பிசகே காரணம் என்றார் பால்மர். அக்கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும் முதுகுவலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

சுவர் சாய்ந்தால் அடித்தளத்தைப் பார்க்க வேண்டாமா என்று எண்ணிய பிற்காலத்தவர் பாதத்தின்பால் கவனம் செலுத்தினர். 1952-இல் மான்டி கிரீனவால்ட் என்னும் கைரோபிராக்டிக் சிகிச்சையாளர், காலணித் தாங்கல்கள் செய்வதற்கென்றே ஒரு நிறுவனத்தை நிறுவினார்.

அடியிலிருந்து முதுகுவரை

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. இரு பாதங்களிலும் 52 எலும்புகள். அதாவது உடலிலுள்ள 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு! இவை வில்போல் வளைந்து நிற்பதாலேயே நடையின் அதிர்ச்சியைப் பாதம் தாங்குகிறது. இவ்வளைவு அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தால் குதிகால் உட்புறம் சாய்கிறது. கீழ்க்கால் எலும்பு உள்நோக்கித் திரும்புகிறது. முழங்காலும் தொடையும் அதனைப் பின்தொடர்கின்றன. இடுப்பெலும்பு சற்றே முன்சாய்கிறது. முதுகின் கீழ்ப்பகுதியில் வளைவு கூடுகிறது. மனிதரைச் சாய்வான பலகைமேல் நிறுத்திச் சோதித்தபோதும் இத்தொடர்பு புலப்பட்டது. ஆயினும் இடுப்பை எட்டும் மாற்றம் மிகச் சிறியதே.

ஆய்வு கூறுவது என்ன?

அமெரிக்காவில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 225 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. ஒரு குழுவினர் தாங்கல் மட்டும் அணிந்தனர். மற்றொரு குழுவினர் அதனுடன் கைரோபிராக்டிக் சிகிச்சையும் பெற்றனர். மூன்றாம் குழுவினர் காத்திருந்தனர். ஆறு வாரங்களுக்குப்பின், தாங்கல் அணிந்தோருக்குக் காத்திருந்தோரைவிட வலி குறைந்திருந்தது. சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றோர் அன்றாட வேலைகளை இன்னும் எளிதாகச் செய்தனர். ஆனால் அவர்களது வலி, தாங்கல் மட்டும் அணிந்தோரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பன்னிரண்டு வாரங்களிலும் அதற்குப் பின்னரும் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயன் உண்டு, ஆனால் அற்புதம் இல்லை என்பதே இதன் சாரம்.

மேசை வேறு, மனிதன் வேறு

மேசை உயிரற்ற மரம். நமது உடலோ சிறு ஏற்றத்தாழ்வுகளைத் தானே ஈடுசெய்துகொள்கிறது. இரு கால்களின் நீளம் சில மில்லிமீட்டர் வேறுபடுவது பெரும்பாலோரிடம் இயல்பு. தட்டைப் பாதத்துடன் வலியின்றி வாழ்வோரும் ஏராளம். குழந்தைகளுக்குப் பாத வளைவு ஏறத்தாழ பத்து வயதுவரை மெல்ல மெல்ல உருவாகிறது. ஆகவே, பிள்ளையின் பாதம் தட்டையாக இருப்பதைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தோன்றி, வலியும் இல்லையெனில், பெரும்பாலும் சிகிச்சை வேண்டியதில்லை. வலி இருந்தாலோ, வளைவு தோன்றாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

பாதத்தில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளிகள் கடையில் கண்ட தாங்கலைத் தாமே வாங்கி அணிதல் ஆகாது. கடினமான தாங்கல் அழுத்திப் புண் உண்டாக்கினாலும் அவர்களுக்கு வலி தெரியாது. 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளரிடம் கண்டறிந்த உண்மை இதுவே: உணர்ச்சியற்ற பாதத்தைச் சிதைப்பது ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் விழும் அழுத்தம். அந்த அழுத்தத்தைப் பரவச்செய்யும் மென்மையான எம்.சி.ஆர். செருப்புகள் எத்தனையோ பாதங்களைக் காத்தன.

நாம் செய்யத்தக்கவை

முதுகுவலியுள்ளோர் முதலில் தம் பழைய செருப்பைத் திருப்பிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால், அதனை மருத்துவரிடம் காட்டிக் கேட்கலாம். நாளெல்லாம் நின்று உழைப்போர் நல்ல காலணி அணிந்து, இடையிடையே அமர்ந்து, நாள்தோறும் நடந்து பழகினால் பெரும் பயன் காண்பர். எலும்பு தேய்ந்த முதியோர் முதுகெலும்பைப் பலமாக அழுத்தவோ திருப்பவோ இடந்தரலாகாது. வலியுடன் கால் வலுவிழந்தாலும், சிறுநீரை அடக்க இயலாமற்போனாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காகிதத்தை மடிக்குமுன், ஆடுவது மேசையா, தரையா என்று பார்க்கிறோம் அல்லவா? அந்தப் பொறுமையை நமது உடலின் மட்டிலும் காட்டுவோம்.