படகின் உட்பூச்சு

எங்கள் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊராட்சிக் குழுக்களுள் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காப்போர் கரையை உயர்த்துவதோடு நில்லார். படிந்த வண்டலையும் அகற்றுவர். மரப்படகுக்கு வண்ணம் தீட்டுவோர்க்கும் இந்நெறி பொருந்தும்: பழையதை நீக்கினால்தான் புதியது நிலைக்கும். எனினும், படகின் உட்புறத்தில் பழைய பூச்சை நீக்குவது வெளிப்புறத்தில் நீக்குவதினும் இடர் மிக்கது. அதன் காரணத்தை இன்று விளக்க விரும்புகிறேன்.

கட்டுமரத்துக்கு உட்புறம் என்பதே இல்லை. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. ஏறிய நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். தூத்துக்குடித் தோணி அத்தகையதன்று. பலகைகளால் ஆன பெருங்கிண்ணம் அது. உள்ளே விழுந்த நீர் அடியில் தங்கும். பூச்சு வெடித்தால் அந்நீர் அதன்கீழ்ப் புகும். பின்னர் அப்பூச்சே மூடியாகி ஈரத்தை வெளியேற விடாது. ஈரம் மிகுந்து நீடித்தால் காளான் பற்றிப் பலகை உளுத்துப்போகும்.

பூச்சைக் கரைக்கக் காஸ்டிக் சோடாவை நாடுவோர் உண்டு. நான் வேதியியல் கற்பித்த நாளில், எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்று வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. எண்ணெய்ப் பூச்சு காரத்தில் இளகுவதும் அவ்விதியால்தான். ஆனால், மரத்தினுள் ஊறி எஞ்சிய காரம் நாளை பூசும் புதுப்பூச்சையும் அவ்வாறே கெடுக்கும். மரத்தின் நாரையும் அரிக்கும்.

மெத்திலீன் குளோரைடு கலந்த கரைப்பான்களோ உயிருக்கே ஊறு செய்வன. அதன் ஆவி காற்றைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமுடையது. வெட்டவெளியில் கலைந்துவிடும் அது, படகினுள் கிண்ணத்து நீர்போல அடியில் தேங்கும். குனிந்து வேலை செய்பவரின் முகம் இருப்பதும் அங்கேதான். உடலில் புகுந்தபின் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. வீட்டுப் பயனுக்கான பூச்சு நீக்கிகளில் அதனை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது.

மற்றொரு பகை ஈயம். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் இந்திய விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் அது நுண்தூளாய் எழும். நெருப்பால் மிகச் சூடாக்கினால் புகையாய் எழும். இரண்டும் நுரையீரலை அடையும்.

ஆகவே, முறை இது. முதலில் படகைக் கரையேற்றி நன்கு உலர்த்துக. உள்ளே காற்றோட்டம் அமைக்க. பின்னர் பூச்சின்மேல் நீர் தெளித்து, மரத்தின் இழையோட்டத்தை ஒட்டிச் சுரண்டுக. பலகை மூட்டுகளில் நீர் கசியாதிருக்கத் திணித்த பஞ்சைப் பெயர்த்துவிடலாகாது. நுண்தூளைத் தடுக்கும் முகமூடி வேண்டும், வெறுந்துணி போதாது. சுரண்டிய செதில்களை மணலில் சிந்தவிடாமல் திரட்டுக. மரம் மீண்டும் உலர்ந்த பின்னரே புதுப்பூச்சு.

தூள் படிந்த உடையோடு வீடு செல்லும் தந்தை, தம்மை அறியாமலே ஈயத்தைத் தம் குழந்தைக்குக் கொண்டு செல்கிறார். சிறிதளவு ஈயமும் வளரும் மூளையைக் குன்றச் செய்யும். இழந்த அறிவாற்றலை மருந்தால் மீட்க இயலாது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்களே, இச்செய்தியை உங்கள் தந்தையரிடம் பணிவுடன் எடுத்துரையுங்கள். படகைக் காப்பது கடமை. அதைச் செப்பனிடுவோரைக் காப்பது அதனினும் முதற்கடமை.