தூய தேற்றரவு அன்னை ஆலயம், காரைக்கால்

முதலில் வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியில் கூராகச் சந்திக்கும் வளைவுகளே கோதிக் பாணியின் உயிர். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அருகே சேன் தெனியில் பிறந்த கலை இது. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கூர்வளைவு அதைப் பெருமளவு கீழ்நோக்கி இறக்கும். அதனால் சுவரை உயர்த்தலாம், பெரிய சாளரம் வைத்து வெளிச்சத்தை உள்ளே அழைக்கலாம்.

1194இல் எரிந்து மீண்டும் எழுந்த பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்துக்குச் சுண்ணாம்புக்கல் கிடைத்தது. காரைக்காலின் காவிரி வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? இங்கே கட்டடக் கலை செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் நம்பியே வளர்ந்தது. ஊர்ப்பெயரில் உள்ள 'காரை'க்கே அந்தப் பொருள் சொல்வோர் உண்டு. கடற்கரை உப்புக்காற்றைத் தாங்கச் சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிட வேண்டும். அதன்மேல் சிமென்ட் பூசுவது பழஞ்சுவருக்குச் செய்யும் கேடு.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு இணைந்தது. ஆலயத்தின் பெயரோ முழுத் தமிழ்: தேற்றரவு என்றால் ஆறுதல். ஆகஸ்ட் பெருவிழாவில் அன்னை தேரில் வீதியுலா வருகிறார். அந்த இரவில் வந்து பாருங்கள்.

உள்ளே ஜெபிப்போர் இருப்பார்கள். காலணியைக் கழற்றிவிட்டு மெல்ல நடங்கள்.